ஒன்பதாம் பீப்பாய்

கஸ்தெல்மூரோ என்கிற மலையூரில் ஒன்பதாம் பீப்பாயைத் திறந்து முதல் வாய் குடித்தவர் அதன் சொந்தக்காரர் எத்தோரேதான். குடித்தவர் ஆகா என்றும் சொல்லவில்லை, சீச்சீ என்றும் சொல்லவில்லை. கிண்ணத்தைப் பீப்பாயின் மேல் பத்திரமாக வைத்துவிட்டு, இடது தோளைத் தடவிக்கொண்டே நிலவறையின் ஈரத்தரையில் உட்கார்ந்து, சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்து, அதற்கும் பலமில்லாமல் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். அப்போது காலை பத்து மணி. மறுநாள் நண்பகல் கோயில்மணி அடிக்கும்போதுதான் எழுந்தார், எழுந்து வந்து மனைவியிடம், நேற்று முழுக்கத் தோட்டத்தின் மேல்துண்டு நிலத்தில் திராட்சை வெட்டினேன், கை விட்டுப்போயிற்று என்றார். முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து அவர் கத்தரிக்கோலைத் தொட்டுப் பதினோரு வருடமாகியிருந்தது. போதாததற்கு அது மார்ச் மாதம், இத்தாலி முழுக்கத் தேடினாலும் கொடியில் ஒரு பழம் கிடைக்காத மாதம். மனைவி காலண்டரைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், ஒரு கோப்பை சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் சொன்னதை நம்பாத நிலவறைக்காரன் ஒரு வாய் குடித்துப் பார்த்தான், படிக்கட்டில் பாதி ஏறி அங்கேயே படுத்தான். அவனைத் தூக்க வந்த இரண்டு பேர், தூக்குவதற்கு முன்னால் தெம்புக்காக ஆளுக்கொரு வாய் குடித்தார்கள், பிறகு அவர்களைத் தூக்க வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று. கடைசியில் ஊர் வைத்தியர் வந்து, படித்த மனிதர் ஆனதால் தேக்கரண்டியால் அளந்தார்; ஒரு கரண்டி குடித்தால் அரைநாள் வெட்டிய களைப்பு, ஒரு கிண்ணம் குடித்தால் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை வெட்டிய களைப்பு, இரண்டு கிண்ணம் குடித்தால் ஒரு வாரத்துக் களைப்பு என்று கண்டுபிடித்தார். குடித்தவர்கள் எல்லோருக்கும் இடது தோள் பிடித்துக்கொள்கிறது, இடது கட்டைவிரல் எரிகிறது, சரிவில் சுமையோடு இறங்குகிறவனுக்குப் போல முழங்கால் நடுங்குகிறது என்பதையும் குறிப்பேட்டில் எழுதினார். எழுதி முடித்ததும் அவரும் தூங்கிவிட்டதால் அதைப்பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

வைனைக் குறை சொல்லக் கூடாது, நல்ல வைன். வெரோனா நகருக்கு வடக்கே வல்போலிசெல்லாச் சரிவுகளில் அமரோனே என்று ஒன்று செய்வார்கள். இலையுதிர்காலத்தில் வெட்டிய குலைகளை உடனே பிழியாமல், ஒன்றையொன்று தொடாதபடி தட்டுகளில் பரப்பி, காற்றோடுகிற பரணில் தை மாதம்வரை வாடவிட்டு, மூன்றில் ஒரு பங்கு எடை போனபிறகு பிழிந்து, வருடக்கணக்கில் மரப்பீப்பாயில் கிடக்கவிடுவார்கள். கறுப்புக்குக் கிட்டே போய் நின்றுவிட்ட சிவப்பு. வாயில் வைத்தால் முதலில் காய்ந்த செர்ரிப்பழம், பிறகு பேரீச்சை, பிறகு கோப்பித்தூள், பிறகு புகையிலை என்று ஒவ்வொன்றாக வந்து ஒவ்வொன்றாகப் போய், எல்லாம் போனபிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு நிற்கும். மற்றப் பீப்பாய்களில் அத்தோடு சரி. ஒன்பதாவதில் கசப்புக்குப் பிறகு களைப்பு வந்தது.

ஊர் அதைப் பழகிக்கொள்ள இரண்டு வாரம் பிடித்தது. பத்திரம் எழுதுகிற நொத்தாரிசின் மனைவி, பத்து வருடமாகக் கண்மூடாதவள், ஞாயிறுதோறும் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு போனாள். பங்குத்தந்தை சில்வானோ ஒரு கரண்டி குடித்த மறுவாரம், நாற்பது நிமிடப் பிரசங்கத்தை மூன்று நிமிடமாகக் குறைத்து, அதையும் உட்கார்ந்துகொண்டே சொல்லி, நீங்களும் உட்கார்ந்திருங்கள், யாரும் முழங்காலில் நிற்க வேண்டாம் என்றார்; அதன்பிறகு கோயிலுக்குக் கூட்டம் கூடியது. தோட்டக்காரர்கள் ஐந்து பேர், நூறு வருடமாக யாருக்கும் தோன்றாத விதமாக, கொடிவரிசைகளின் முனையில் உட்கார மரவாங்கு போட்டார்கள். நகரசபை, பிற்பகலில் வாத்தியக்காரர்கள் பழகக் கூடாது என்று அறிவித்தது. மிலானோவிலிருந்து வந்த வங்கிக்காரர் ஒருவர் எச்சரித்தும் கேளாமல் இரண்டு கிண்ணம் குடித்து, மூன்றாம் நாள் எழுந்து கொஞ்சநேரம் அழுதுவிட்டு, தன் வீட்டில் வேலைசெய்கிற பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தார். எடுத்தபிறகு என்ன சொல்வதென்று தெரியாமல், சாப்பிட்டாயா என்று கேட்டார். அந்தப் பெண் பயந்துபோய் வேலையை விட்டுவிட்டதாகப் பிற்பாடு கேள்வி.

களைப்பு யாருடையது என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. எத்தோரேயின் தோட்டத்தில் அவருடைய அப்பா காலத்திலிருந்தே ஒரு வழக்கம்: வெட்டுகிறவர் தட்டு நிறைந்ததும் தன் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் குலைகளுக்கு நடுவே செருக வேண்டும், பரணில் எந்தத் தட்டிலாவது பூஞ்சணம் பிடித்தால் யாருடைய கை பழத்தை நசுக்கியது என்று தெரிந்துகொள்வதற்காக. ஒன்பதாம் பீப்பாய் ஆறு வருடத்துக்கு முன் மேல்துண்டுத் தட்டுகளை மட்டும் பிழிந்து நிரப்பியது, மேல்துண்டுத் தட்டுகள் அத்தனையிலும் ஒரே பெயர்தான் இருந்தது. பூஷணி.

குணபூஷணி என்பது முழுப்பெயர். ஐம்பத்துநாலு வயது, யாழ்ப்பாணத்து நீர்வேலிக்காரி, கஸ்தெல்மூரோவில் இருந்த ஏழு தமிழ்க் குடும்பங்களில் முதலாவதாக வந்தவள். அவளும் அவளுடைய புருசன் அரியரத்தினமும் பதினாலு இலையுதிர்காலம் எத்தோரேயிடம் திராட்சை வெட்டினார்கள். முந்திரிகை என்றுதான் அவர்கள் சொல்வார்கள், யாழ்ப்பாணத்தில் அதற்கு அதுதான் பெயர். ஒரு வரிசைக்கு இரண்டு பேர், கொடிக்கு அந்தப்பக்கம் ஒருவர், இந்தப்பக்கம் ஒருவர். அரியரத்தினம் இடதுகைக்காரர், ஆகவே இலைகளுக்கு நடுவே கண்ணாடி பார்ப்பதுபோல அவளுடைய வலதுகைக்கு நேரே அவருடைய இடதுகை வந்துபோகும். அவளுக்கு மூச்சு வாங்கினால் கொடிக்கு அடியால் குனிந்து இந்தப்பக்கம் வந்துவிடுவார். அவளை உட்காரவைத்துவிட்டுச் சொல்வது எப்போதும் ஒன்றுதான்.

"எனக்கென்ன களைப்பு? நீர் இரும்."

துண்டில் பெயர் எழுதுகிற வேலை அவளுடையது, ஏனென்றால் அரியரத்தினத்துக்கு இத்தாலிய எழுத்து கடைசிவரை பிடிபடவில்லை. அதில்தான் ஒரு சிக்கல். பூஷணி புருசன் பெயரைச் சொல்ல மாட்டாள். கூப்பிடுவதென்றால் இஞ்சாருங்கோ, பிறரிடம் சொல்வதென்றால் அவர், விசா அலுவலகத்தில் கேட்டால் கைப்பையைத் திறந்து அவருடைய கடவுச்சீட்டை நீட்டுவாள். சொல்லாத பெயரை எழுதுவது எப்படி? ஆகவே தன் தட்டுக்கும் பூஷணி என்று எழுதினாள், அவர் தட்டுக்கும் பூஷணி என்று எழுதினாள், பதினாலு வருடமும் அப்படியே எழுதினாள். அந்தத் தட்டுகளில் ஒருநாளும் பூஞ்சணம் பிடிக்காததால், இந்த மலையிலேயே சிறந்த கை பூஷணியின் கை என்று பெயராகிவிட்டது, அரியரத்தினத்தைத் தட்டுத் தூக்குகிறவர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவரிடம் யாராவது அதைச் சொன்னால் மீசைக்குள் சிரிப்பார். அவருக்கு அது பெரிய பகிடி.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு தை மாதத்துக் காலையில், பரணில் தட்டுகளைத் திருப்பிவைக்கப் போனவர் திரும்பி வரவில்லை. மேல்துண்டுத் தட்டுகள் அடுக்கிய இடத்தில் அவற்றில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடி இருந்தார், இதயம் நின்றுபோயிருந்தது, இடது சப்பாத்துக் கயிறு மட்டும் அவிழ்ந்திருந்தது. அன்றைக்கு விடிய, முகம் வெளுத்துக் கிடக்கே என்று பூஷணி கேட்டதற்கும் அதே பதிலைத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் போனது பூஷணியின் களைப்பு. சோகத்தில் தூங்காதவர்களை ஊர் பார்த்திருக்கிறது, இது அதுவல்ல. அவளுக்குக் களைப்பே வரவில்லை. காலையில் எத்தோரேயின் நிலவறையில் பீப்பாய் கழுவினாள், பிற்பகலில் ஏரிக்கரை ஹோட்டலில் முப்பது படுக்கைக்கு விரிப்பு மாற்றினாள், வந்து சமைத்தாள், சமைத்ததை ஏழு குடும்பத்துக்கும் கொடுத்தாள், பிறகும் கைகால் அப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல இருந்தது. படுத்தால் முதுகு பாயைத் தொடும், அவ்வளவுதான், தூக்கம் என்பது வேறு யாருடைய வீட்டுக்கோ போய்க்கொண்டிருந்தது. முதல் வருடம் எல்லோரும் மெச்சினார்கள். இரண்டாம் வருடம் கண்பட்டுவிட்டது என்று நாவூறு கழித்தார்கள். மூன்றாம் வருடத்திலிருந்து அவளுக்கு முன்னால் யாரும் கொட்டாவி விடுவதில்லை, விட வந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டு வருவார்கள். உடம்பு களைக்காவிட்டாலும் மனம் அலுக்கும். எழுந்திருப்பதில் அலுப்பு, பல் தீட்டுவதில் அலுப்பு, நாள் என்று ஒன்று இருப்பதிலேயே அலுப்பு. அந்த அலுப்பை இறக்கிவைக்க ஓரிடம் வேண்டும், தூக்கத்தைத் தவிர அதற்கு வேறு இடமில்லை, அந்த இடம் அவளுக்கு அடைத்துக் கிடந்தது.

ஆகவே ஒன்பதாம் பீப்பாயின் செய்தி வந்ததும் ஊர் இரண்டையும் இரண்டையும் கூட்டி நாலு என்றது. பூஷணியின் களைப்புப் பூஷணியை விட்டு எங்கே போயிற்று என்றால் பீப்பாய்க்குள் போயிற்று. பூஷணியும் அதை நம்பினாள், வைத்தியர் அவளுடைய இதயத்தில் குழாயை வைத்துக் கேட்டபிறகு அதிகமாக நம்பினாள். தூங்காத இதயம் தேய்ந்துவிட்டது, இந்தக் கோடை தாண்டினால் நல்லது, அடுத்த கோடைக்கு நான் பொறுப்பில்லை என்று அவர் சொன்னார். ஒரு கிண்ணம் குடியுங்கள், உங்களுடையதுதானே, உங்களிடமே வந்து சேரட்டும் என்றும் சொன்னார்.

அங்கேதான் அவள் இடறினாள். இருபது வருடம் வைனுக்கு நடுவே வேலைசெய்தவள், கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்தை மணந்தாலே எந்தச் சரிவு எந்த வருடம் என்று சொல்லக்கூடியவள், ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை. ஏழு குடும்பத்துப் பெண்களும் அப்படித்தான். ஆண்கள் காருக்குள் இருந்து குடித்துவிட்டு ஏலக்காய் மென்றுகொண்டு வருவார்கள், பெண்கள் ஏலக்காயின் மணத்தை முகர்ந்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் சோறு போடுவார்கள், அதுதான் ஒப்பந்தம். வாடகை மண்டபத்தில் வைத்திருந்த பிள்ளையாருக்கு வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது பூஷணி. விளக்கேற்றுகிற கையால் கிண்ணம் தூக்குவதா என்று அவள் கேட்டாள். மண்டபத்தில் கூடி இரண்டு ஞாயிறு பேசினார்கள். அவளுடைய களைப்பு அவளுடைய சொந்தப் பொருள், சொந்தப் பொருளைத் திருப்பி எடுப்பது குடியில் சேராது என்று ஒருவர் சட்டம் பேசினார். சோற்றில் பிசைந்து கொடுக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். இதற்குள் எத்தோரே அதைப் போத்தல்களில் அடைப்பதென்று முடிவுசெய்துவிட்டார். இருநூறு போத்தல் தேறும், மிலானோக்காரர்களும் சூரிச் நகரக்காரர்களும் வைகாசி முடிய வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அதன்பிறகு உலகத்தில் அந்தக் களைப்பு ஒரு சொட்டு இருக்காது. ஒட்டுகிற தாளில் பூஷணி என்றே பெயர் போடப்போவதாக அவர் நல்ல மனத்தோடு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டுச் செல்வமலர், பூஷணியைவிடப் பத்து வயது இளையவள், அவளிடம் எதையும் கேட்கிற உரிமையுள்ளவள், அன்றைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, மருந்தெண்டு நினைச்சுக் குடியுங்கோவன். இருமல் பாணியிலையும் உது கிடக்குத்தானே."

"பாணியை ஆரும் கிண்ணத்திலை ஊத்திச் சுத்திச் சுத்தி மணந்து பாக்கிறேல்லை, மலர்."

பூஷணி வெங்காயத்தின் மேல் பழிபோட வசதியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குடிக்கிறது மட்டும் பிரச்சினை இல்லை என்றாள். அவளுக்குக் கோபம், ஆறு வருடமாக அந்த மனிதர் மேல் தீராத கோபம். போகிற மனிதர் ஒரு சொல்லுச் சொல்லிவிட்டுப் போகவில்லை.

"களைச்சுப்போனன் எண்டு ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தா, நான் அந்தப் பரணிலை ஏற விட்டிருப்பனோ? அந்தாளுக்குக் களைப்பு எண்டா என்னெண்டே தெரியாது. துள்ளிக்கொண்டு வந்தார், துள்ளிக்கொண்டு போட்டார். எல்லாக் களைப்பும் எனக்குத்தான். இப்ப அதுவும் இல்லை."

செல்வமலர் உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள்.

போத்தலில் அடைப்பதற்கு முன் ஒரு சுவைபார்ப்பு வைப்பது அந்தத் தொழிலில் முறை. வைகாசியில் ஒரு திங்கட்கிழமை, நாக்குச் சுத்தமாயிருக்கிற காலை நேரத்தில், எத்தோரேயின் வீட்டுக் கூடத்தில் நீள மேசை போட்டு வெள்ளைத்துணி விரித்தார்கள். வந்தவர்கள் பதினொரு பேர். வியாபாரிகள், வைத்தியர், பங்குத்தந்தை, அவர்களோடு தொரினோவிலிருந்து லிவியா என்கிற ஒல்லியான பெண், வைனை ருசித்து எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவள். பூஷணிக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள், அவள் உட்காராமல், பாண் ரொட்டித் துண்டுகளை வைப்பதும் துப்புகிற வாளிகளை எடுத்து ஊற்றுவதுமாக நின்றாள். ஏழு குடும்பமும் சன்னலுக்கு வெளியே முற்றத்தில் நின்றது. அவள் குடிப்பாளா மாட்டாளா என்பது அவளுக்கே தெரியாது.

முதலில் இளைய வைன்கள் வந்தன, செர்ரிச் சாறுபோல் லேசானவை. அடுத்து, அமரோனே பிழிந்த தோலின் மேல் ஊற்றி மறுபடி நொதிக்கவிட்டது. அடுத்து லிவியா தன் ஊர்ப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த பரோலோ; பார்க்கச் செங்கல் கழுவிய தண்ணீர்போல் வெளிறியிருக்கும், வாயில் போனால் பச்சைப்பாக்கு மென்றதுபோல் நாக்கைப் பிடித்துக்கொண்டு விடாது, விட்டபிறகு ரோசாப்பூவும் தாருமாக மணக்கும். லிவியா ஒவ்வொன்றையும் வாயில் உருட்டி, பல்லிடுக்கால் காற்றை உறிஞ்சி, யாருக்கும் நோகாமல் வாளியில் துப்பி, சிறிய எழுத்தில் எழுதிக்கொண்டாள். மணத்தை வைத்தே பூஷணி ஒவ்வொரு கிண்ணத்தையும் தனக்குள் பெயர்சொல்லிக்கொண்டாள், லிவியா எழுதியதை எட்டிப் பார்த்தாள், ஒன்றும் பிசகவில்லை.

பிறகு ஒன்பதாம் பீப்பாய் வந்தது. விழுங்கக் கூடாது என்று எத்தோரே மூன்று முறை சொன்னார், சொன்னவரே முதலில் விழுங்கினார், ஏனென்றால் அந்த வைனை வாயில் வைத்துக்கொண்டு துப்புவதற்கு மனிதனுக்குக் கல்நெஞ்சம் வேண்டும். வியாபாரிகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள். பங்குத்தந்தையும் வைத்தியரும் மேசைத்துணியில் கன்னத்தை வைத்தார்கள். எத்தோரே மட்டும், இரண்டு மாதமாகப் பழகிய உடம்பு ஆனதால், கண்ணைத் திறந்து வைத்திருக்கப் போராடிக்கொண்டிருந்தார். லிவியா துப்பினாள். துப்பிவிட்டுப் பேனாவை எடுக்கப் போனவள், இடது கட்டைவிரலைப் பார்த்தாள், இடது தோளைத் தொட்டுப் பார்த்தாள், மறுபடி ஒரு வாய் எடுத்து, வெகுநேரம் வைத்திருந்து, மறுபடி துப்பினாள். இரண்டு மாதமாக அந்த ஊரில் விழுங்கியவர்கள் எல்லோரும் தூங்கினார்கள். துப்பியவள் ஒருத்திதான் கேள்வி கேட்டாள்.

"இந்தப் பூஷணி என்பவர் இடதுகைக்காரரா?"

கூடத்தில் விழித்திருந்தவர்கள் மூன்று பேர்தான். எத்தோரே பூஷணியைப் பார்த்தார். பூஷணி தன் கையில் இருந்த வாளியைப் பார்த்தாள். அதை அவள் வலதுகையால் பிடித்திருந்தாள், எல்லாவற்றையும் வலதுகையால்தான் பிடிப்பாள், ஐம்பத்துநாலு வருடமாக.

ஒளித்துவைத்த சங்கதி ஒன்றுமில்லை, அவளுக்குத் தெரிந்ததுதான். மேல்துண்டு செங்குத்தான சரிவு. கடைசி மூன்று நாலு வருடமாக அதில் ஏறினால் அவளுக்கு நெஞ்சு அடைக்கும், அரியரத்தினம் ஒரு தட்டைக் கவிழ்த்துப்போட்டு நீர் இரும் என்பார், அவள் கீழே இருந்துகொண்டு துண்டுகளில் பெயர் எழுதுவாள், அவர் கொடிக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் தானே வெட்டி, தட்டைத் தோளில் வைத்து இறக்கிக்கொண்டு வருவார். அந்தக் கடைசி வருடம் மேல்துண்டில் அவள் ஒரு குலைகூட வெட்டவில்லை. எல்லாம் தெரியும். ஆனால் ஊர் முழுக்கப் பூஷணி என்றது, துண்டு அத்தனையிலும் அவள் கையெழுத்திலேயே பூஷணி என்று இருந்தது, தன் கையால் எழுதியதை யார்தான் நம்ப மாட்டார்கள்.

வாளியைக் கீழே வைத்தாள். சன்னலுக்கு வெளியே ஏழு குடும்பமும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கிண்ணத்தை எடுத்தாள், சுற்றவில்லை, மணக்கவில்லை, கசாயம் குடிப்பதுபோல் ஒரே மூச்சில் விழுங்கினாள்.

செர்ரி வந்தது, பேரீச்சை வந்தது, புகையிலை வந்தது, கசப்பு வந்தது. பிறகு இடது தோளில் தட்டின் விளிம்பு அழுத்தியது. இடது கட்டைவிரலில் கத்தரிக்கோலின் பிடி உராய்ந்து, துணி சுற்றி, துணிக்கு மேல் மறுபடி உராய்ந்த புண் எரிந்தது. இது எப்போது, எனக்குக் காட்டவே இல்லையே என்று அவள் நினைத்தாள். முழங்கால்கள் இறங்கும்போது நடுங்கி, கடைசிப் படியில், அவள் கண்ணில் படுகிற இடத்துக்கு வந்ததும், நடுக்கத்தை நிறுத்திக்கொண்டு துள்ளின. அந்தத் துள்ளலுக்கு எவ்வளவு பலம் செலவாயிற்று என்பதும் தெரிந்தது. ஒரு வருடத்துக் களைப்பின் அடியில் பதினாலு வருடத்துக் களைப்பு இருந்தது, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தை மாதத்துக் காலை இருந்தது. பரணின் ஏணியில் ஐந்தாம் படியில் நின்று மூச்சு வாங்கியதும், தட்டுகளில் சாய்ந்து, கொஞ்சநேரம், கொஞ்சநேரம்தான், சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருந்துவிட்டுப் போவோம், பூஷணி பார்க்க மாட்டாள் என்று நினைத்ததும். அவ்வளவு களைப்பு ஒரு மனிதருக்குள் இருந்திருக்கிறது. அவள் அவரோடு ஒரு வீட்டில் இருந்திருக்கிறாள், ஒரு பாயில் படுத்திருக்கிறாள், ஒரு சட்டியில் சாப்பிட்டிருக்கிறாள், அவர் பொய் சொன்னார், அவள் நம்பினாள். ஆறு வருடத்துக் கோபம் நிற்க இடமில்லாமல் போயிற்று.

எத்தோரே கண்ணைக் கசக்கிக்கொண்டு, இடதுகை உங்களுடையது இல்லையே, அப்படியானால் போத்தலில் யார் பெயரைப் போடுவது என்று கேட்டார். பூஷணி பழக்கதோசத்தில் கைப்பையைத் தேடினாள். கைப்பையில் கடவுச்சீட்டு இல்லை, அது அவரோடேயே முடிந்துபோன சங்கதி. அங்கே நீட்டுவதற்கு வேறொன்றும் இல்லை.

"அரியரத்தினம்," என்றாள்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்த வாயில் வராத பெயர். முற்றத்தில் நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஒரு ஆண் தொப்பியைக் கழற்றினார், எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. எத்தோரேக்குப் பிடிபடவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றார். சொன்னாள். லிவியா பேனாவை எடுத்து, மெதுவாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றாள். மூன்றாம் தரம் சொல்லும்போது நாலாம் எழுத்தில் கொட்டாவி வந்தது.

வாயைப் பொத்தத் தோன்றவில்லை அவளுக்கு, ஆறு வருடமாக வராததால் அது என்னவென்றே முதலில் தெரியவில்லை. வலது மணிக்கட்டு கனத்தது. பிறகு வலது தோள், பிறகு இடுப்பு. பீப்பாயில் இருந்தது அவருடையது. இது வேறு, இது அவளுடையது, எங்கும் போகாமல் இவ்வளவு காலமும் வாசலில் நின்றிருக்கிறது. தனக்கென்று போட்டிருந்த நாற்காலியில் கடைசியில் உட்கார்ந்தாள், மேசையில் கையை மடித்து வைத்தாள், வியாபாரிகளுக்கும் பங்குத்தந்தைக்கும் நடுவே தலையைச் சாய்த்தாள். செல்வமலர் சன்னலால் ஏறிக் குதித்து உள்ளே வந்து அவளுடைய சப்பாத்துகளைக் கழற்றிவிட்டாள்.

மற்றவர்கள் எழுந்து போனபிறகும் அவள் எழவில்லை. அன்றும் அடுத்த இரண்டு நாளும் தூங்கினாள், நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்தியதும் தெரியாமல் தூங்கினாள். கோயில்மணியின் நாக்கில் பங்குத்தந்தை கம்பளித்துணி சுற்றினார். ஏரிக்கரை ஹோட்டலின் முப்பது படுக்கைக்கு ஏழு குடும்பத்துப் பெண்களும் முறைபோட்டு விரிப்பு மாற்றினார்கள். ஊரார் அவளுடைய சன்னலைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள், வைத்தியர் வந்து குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார். போத்தல்களுக்குப் புதிய தாள் வந்தது, அதில் பெயரை ஒரு எழுத்துத் தவறாக அச்சடித்திருந்தார்கள், யாரும் திருத்தவில்லை.

வியாழக்கிழமை பிற்பகலில், செல்வமலர் கட்டிலருகே இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பூஷணி கண்ணைத் திறந்தாள். பிறகு இடது தோளைத் தடவினாள், பிறகு வலது தோளைத் தடவினாள்.

"அவருக்குச் சரியான களைப்பு, மலர்," என்றாள். "எனக்கும்தான்."